குறியில் நின்ற சொல்

நவம்பர் 3, திங்கள்

இன்று முதல் கண்காட்சி முடியும்வரை நடப்பதையெல்லாம் உள்ளபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக எதையும் கூட்ட மாட்டேன். சங்கடமாக இருக்கிறது என்று எதையும் விடவும் மாட்டேன். நான் இதுவரை படித்த நாட்குறிப்புகளில் எழுதியவர்கள் எல்லாரும் தங்களை நல்லவர்களாகவே காட்டிக்கொண்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

என் பெயர் மாரீஸ்வரி. ப்ளஸ் டூ, கணினி அறிவியல் பிரிவு. நானும் ரிஸ்வானாவும் எங்கள் பள்ளி நூலகத்துக்காக ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறோம். புத்தகத்தின் பெயரில் பாதியைத் தட்டினால் அது எந்தப் பீரோவில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்லும். நூலகத்துக்கு ஆள் இல்லாததால் பீரோக்கள் பூட்டியே கிடக்கின்றன. எந்தப் பீரோ என்று சரியாகச் சொன்னால் ஆபீஸில் அந்தச் சாவியை மட்டும் தருவார்கள். "தேடிப் பார்க்கணும்" என்றால் தர மாட்டார்கள். எனக்குப் புத்தகம் வேண்டும், அதனால் எழுதினேன். அதுதான் உண்மைக் காரணம்.

கணினி ஆசிரியர் தனபால் சார் இதைப் பார்த்துவிட்டு, 28ஆம் தேதி பல பள்ளிகளுக்குமாக நடக்கும் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்றார்.

மழை. காலையில் அம்மாவின் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி மூட்டிக் கொடுக்க வெகுநேரம் ஆயிற்று. கரி நமத்திருந்தது.

நவம்பர் 5, புதன்

நாங்கள் வேலை செய்வது கறுப்புத் திரையில். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கணினி ஒரு டாலர் குறியைப் போட்டுவிட்டு, நாம் கட்டளை தட்டக் காத்திருக்கும். அதற்கு ப்ராம்ப்ட் என்று பெயர். நான் அதைக் குறி என்றே சொல்கிறேன். அம்மா வெளுக்க எடுக்கும் துணிகளின் ஓரத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் குறி போடுவாள். மருந்துக்கடை வீட்டுக்கு இரண்டு புள்ளி, என் வகுப்பு வர்ஷா வீட்டுக்கு ஒரு கோடும் அதன் மேல் ஒரு புள்ளியும். எத்தனை வீட்டுத் துணி கலந்து கிடந்தாலும் அம்மா ஓரத்தைப் புரட்டிப் பார்த்துப் பிரித்துவிடுவாள். இந்த டாலரும் அப்படி ஏதாவது சொன்னால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

தேவையும் இருந்தது. எங்கள் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் 'கிட்' என்ற ஏற்பாடு பத்திரப்படுத்துகிறது. கோப்பைச் சேமித்தால் மட்டும் போதாது, 'கமிட்' என்று கட்டளை கொடுத்து அதனிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தவர் பெயரையும் அது வாங்கிக்கொள்ளும். ரிஸ்வானா சேமித்துவிட்டு, ஒப்படைக்க மறந்து, பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். மறுநாள் நான் அதன் மேலேயே வேறொன்றை மாற்றுவேன். பிறகு எது யார் செய்தது என்று தெரியாமல் சண்டை போடுவோம்.

அதனால் டாலருக்கு முன்னால் மூன்று விஷயம் தெரியும்படி மாற்றினேன். உட்கார்ந்திருப்பவர் பெயர், எங்கள் வேலைக்கென்று கிட்டில் பிரித்து வைத்த கிளையின் பெயர், வேலை ஒப்படைக்கப்பட்டதா என்ற நிலை. எங்கள் கிளைக்குப் 'பீரோ' என்று பெயர் வைத்திருக்கிறோம். லேப்டாப் ஒன்று, ஆள் இரண்டு என்பதால், திரையைத் திறந்ததும் "யார்?" என்று கேட்கும்படி வைத்தேன். என்ன பெயர் சொல்கிறோமோ அதுவே குறியிலும் நிற்கும், ஒப்படைக்கும்போதும் போகும்.

நிலைக்குச் சொல் தேட வேண்டியிருந்தது. ஒப்படைக்காததைக் கையேட்டில் 'டர்ட்டி' என்று போட்டிருந்தார்கள். அதற்கு அகராதியே வேண்டாம். அழுக்கு. ஒப்படைத்துவிட்டதற்குச் 'சுத்தம்' என்று போட்டுப் பார்த்தேன், கழிப்பறைச் சுவரில் எழுதியதுபோல இருந்தது. 'வெளுத்தாச்சு' என்று போட்டேன். இந்தத் திரையில் எழுத்துகளுக்கு ஒரே அகலத்தில் கட்டம், நம் கொம்பு அதற்குள் அடங்காமல் உடைந்து தனியாக நின்றது. கடைசியில் 'மடிச்சாச்சு' என்று போட்டேன். அதில் கொம்பே இல்லை, பீரோவில் உடைவது ஒன்றே போதும். அடுக்கின் மேல் கடைசித் துணியை வைத்துவிட்டு அம்மா சொல்வதும் அதுதான்.

மாரீஸ்வரி பீரோ அழுக்கு $

மாரீஸ்வரி பீரோ மடிச்சாச்சு $

வேண்டுமென்றே ஒரு காற்புள்ளியைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

அழுக்குக்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன். உடனே கோளாறு. நீளமாக ஒரு கட்டளை தட்டினால் அது அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தொடக்கத்துக்கு வந்து என் பெயர் மேலேயே ஏறியது.

"உன் பேர முழுங்குது பாரு," என்றாள் ரிஸ்வானா. "சாப்பாட்டு பெல் அடிச்சாச்சுல்ல, அதுக்கும் பசி."

நிறத்துக்காக எழுதும் எழுத்துகளையும் அது இடம் அடைக்கும் எழுத்துகளாக எண்ணிக்கொள்கிறது. அவற்றை ஒரு தனி அடைப்புக்குள் வைத்து, இதற்கு அகலம் கிடையாது என்று சொல்ல வேண்டுமாம். சொன்னேன். சரியாகிவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

இன்று லேப்பில் ஒன்றும் நடக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

நேற்று எழுதியது பொய். ஒரே வாரத்தில் என் சத்தியம் போயிற்று. இப்போது எழுதுகிறேன்.

தனபால் சார் எங்கள் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டி, வகுப்புக்குக் காட்டச் சொன்னார். ஹெச்.எம். டீச்சரும் வந்திருந்தார். சுவர் முழுக்க என் வரி விழுந்தது. நான் அவசரத்தில் ஒப்படைக்காமல் வந்திருந்தேன். பின்வரிசையிலிருந்து யாரோ அதை வாசித்தார்கள். 'பீரோ'வை விட்டுவிட்டு வாசித்தார்கள்.

"மாரீஸ்வரி அழுக்கு."

சிரிப்பு. அப்போது வர்ஷா, சத்தமாக அல்ல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏ, கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருச்சுடி," என்றாள்.

என்ன தெரிந்துவிட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் யார் வீட்டுத் துணி யார் வீட்டுக்கு வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஹெச்.எம். டீச்சர், "என்னம்மா இது, நாலு பேர் பார்க்கிற இடத்துல? எடுத்துரு," என்றார். சிரித்தவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

"ஸ்டார் போட்டுக்கோ மாரி," என்றார் சார். "ஊர்ல எல்லாரும் அதுக்கு ஸ்டார்தான் போடுவாங்க."

அங்கேயே, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அழுக்கை எடுத்துவிட்டு நட்சத்திரம் போட்டேன். என் கை வேகமாகத்தான் தட்டியது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினத்துக்கு மிட்டாய் கொடுத்தார்கள். எங்களுக்கும்.

மாலையில் வர்ஷா வீட்டுக்கு இஸ்திரித் துணி கொண்டுபோனேன். மேலே அவளுடைய சீருடை. அவள் அம்மா, "அங்க கீழ வச்சிரு," என்றார். அந்த வீட்டில் நாற்காலி காலியாக இருந்தாலும் கீழேதான் வைக்க வேண்டும், அது வழக்கம். வர்ஷா கதவுவரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நம்ம வீட்டுத் துணிக்கு என்ன குறிம்மா?" என்று கேட்டேன்.

"நமக்கெதுக்கு? குறி இல்லாமக் கெடந்தா அது நம்மளது."

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

"நம்ம துணிய எவ எடுப்பா," என்று அம்மா சிரித்தாள். பிறகு, "ஸ்கூல்ல ஏதோ சிரிச்சாகளாம்ல? ரிஸ்வானா சொல்லுச்சு," என்றாள்.

"எழுத்துப் பிழைம்மா."

மறுபடியும் பொய். ஆனால் இது அம்மாவிடம் சொன்னது, இதில் எழுதியது அல்ல.

நவம்பர் 17, திங்கள்

இன்று பெரிய சண்டை. ரிஸ்வானா சனிக்கிழமை இரண்டாம் பீரோவின் தேடலைத் திருத்திவிட்டு ஒப்படைக்காமலே போயிருக்கிறாள். நானும் அவசரத்தில் குறியைப் பார்க்காமல் மேலே மாற்றி, இரண்டும் குழம்பி, காலை முழுக்க வீண்.

"குறியில நட்சத்திரம் நின்னுச்சுல்ல? பாக்கலையா?"

"பாத்தேன்டி. அதான் போனேன்."

"என்ன அதான்?"

"ஸ்டார் போட்டிருந்துச்சு. நல்லா செஞ்சிருக்கேன்னு நினைச்சேன்."

அவள் விளையாடவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து நட்சத்திரம் என்றால் எங்களுக்கு நோட்டில் டீச்சர் போட்டுத் தருவதுதான். எனக்குக் கோபம் வந்த இடத்திலிருந்தே சிரிப்பும் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அழுக்கைத் திரும்பப் போட்டேன்.

சார் பார்த்துவிட்டு, "எடுக்கச் சொன்னாங்கல்லம்மா?" என்றார்.

"ஸ்டார் போட்டா புரிய மாட்டேங்குது சார். இது ஃபைலோட நிலைமை. என்னோடது இல்ல."

"எனக்குத் தெரியும். பார்க்கிறவங்களுக்கு?"

"அவங்களுக்கும் சொல்றேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. விடுமுறையிலும் எங்களுக்காக லேப்பைத் திறந்து வைப்பவர்.

நவம்பர் 20, வியாழன்

கண்காட்சி விதிமுறை வந்திருக்கிறது. ஒரு படைப்புக்கு மாணவியர் இரண்டு பேர் மட்டும். நாங்கள் இரண்டு பேர்தானே, கச்சிதம் என்றேன். சார், "பார்க்கலாம், நல்லாப் பேசுற ஆளும் வேணும்ல," என்றார்.

கூடவே, "வர்ஷாவுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்," என்றார்.

நவம்பர் 24, திங்கள்

வர்ஷா ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் நடந்து நடந்து மனப்பாடம் செய்கிறாள். அதில் எங்கள் பீரோ இருக்கிறது. நான் கேட்கவில்லை. ரிஸ்வானா கேட்டாள். "சார் குடுத்தாரு," என்று மட்டும் வர்ஷா சொன்னாளாம்.

இந்த முறை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா பெட்டியைத் துணி மேல் ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்த எழுத்த எடுத்துரு தாயி. நாளைக்கி அவுக வீட்டு வாசல்லதான் போயி நிக்கணும்."

"எடுத்துட்டா மட்டும் சிரிக்க மாட்டாங்களா?"

பெட்டி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான்தான் அதைத் தூக்கினேன். நல்லவேளை, துணி கருகவில்லை.

நவம்பர் 27, வியாழன்

நாளை கண்காட்சி. இன்று நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

நேற்று மாலை எல்லாவற்றையும் நானே ஒப்படைத்தேன். 'மடிச்சாச்சு' என்று வந்த பிறகுதான் எழுந்தேன். காலையில் லேப்டாப்பைத் திறந்து, பெயரைச் சொன்னதும்,

மாரீஸ்வரி பீரோ அழுக்கு $

என்று சிவப்பாக வந்தது.

ரிஸ்வானாவைப் பார்த்தேன். "அத்தா மேல சத்தியமா நான் தொடல," என்றாள்.

என்ன மாறியிருக்கிறது என்று கிட்டிடம் கேட்டேன். ஒரே ஒரு வரி. முதல் வரி. 'எழுதியவர்கள்: மாரீஸ்வரி, ரிஸ்வானா' என்று இருந்ததைச் சிவப்பில் காட்டியது. அதற்குக் கீழே பச்சையில், 'எழுதியவர்கள்: ரிஸ்வானா, வர்ஷா'. கோப்பை மவுஸால் திறந்து, மாற்றி, சேமித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குறியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பழையபடி ஆக்க ஒரு கட்டளை போதும். ரிஸ்வானா, "போடுடி, யாருக்கும் தெரியாது," என்றாள். நான் போடவில்லை. மதிய இடைவேளையில் சாரிடம் போனேன். வகுப்பில் பாதிப்பேர் சாப்பாட்டு டப்பாவோடு லேப்பில்தான் இருந்தார்கள். நாளைக்கான ஒத்திகைக்காக எங்கள் லேப்டாப்பில் மாட்டிய புரொஜெக்டர் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

"சார், முதல் வரிய யார் மாத்துனாங்க?"

சார் திடுக்கிட்டார். "உனக்கு யார் சொன்னது?"

"குறி காட்டுது சார்."

அவர் சுவரைப் பார்த்தார். அழுக்கு. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு பேர் பேருதாம்மா போட முடியும். பேசறவ பேரு இல்லாம எப்படி? ஹெச்.எம்.மும் சொன்னாங்க. உன் உழைப்பு எனக்குத் தெரியாதா?"

"சரி சார். அப்ப மடிச்சிருங்க."

"என்னது?"

"கமிட் பண்ணிருங்க சார். என் பேர்ல நான் பண்ண மாட்டேன். ரிஸ்வானாவும் பண்ண மாட்டா. நீங்க மாத்துனதுனால உங்க பேர்ல பண்ணுங்க."

அவருக்காகப் புதிதாக ஒரு திரையைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேன். சுவரில் "யார்?" என்று வந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் கர்சர் கட்டம் விட்டு விட்டு மின்னியது.

சார் உட்கார்ந்தார். விசைப்பலகை மேல் கை வைத்தார். எடுத்தார்.

"இதெல்லாம் எதுக்கு? அப்படியே கெடக்கட்டும். புரோகிராம் ஓடுதுல்ல?"

"ஓடும் சார். பக்கத்துல அழுக்குன்னு நிக்கும்."

"அப்ப அந்தக் குறியத் தூக்கு."

"தூக்க மாட்டேன் சார்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ரிஸ்வானா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஹெச்.எம். டீச்சர் ஒத்திகை பார்க்க வந்தார். "என்ன தனபால், யாரு யாருன்னு செவத்துல?"

கேட்டது சாரை. நான் பேசினேன். "சார் ஒரு வரி மாத்தியிருக்காங்க டீச்சர். என் பேர எடுத்துட்டு வர்ஷா பேரப் போட்டிருக்காங்க. யாரு மாத்துனதுன்னு அதுக்குப் பேர் சொல்லணும். நீங்க சொல்லித்தான் மாத்துனதாச் சொன்னாங்க. உங்க பேரையும் சொல்லலாம் டீச்சர்."

"பேச்சப் பாரு," என்றார் டீச்சர்.

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து வர்ஷா எழுந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. "நான் பேசுறேன்னுதான் சொன்னேன் டீச்சர். பேரப் போடச் சொல்லிக் கேக்கல," என்றாள். எனக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை. சொன்னாள், அதனால் எழுதுகிறேன்.

டீச்சர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார்?" மின்னிக்கொண்டே இருந்தது. அதற்குப் பொறுமை அதிகம். எவ்வளவு நேரமானாலும் நிற்கும்.

"பழையபடியே இருக்கட்டும் தனபால்," என்றார் கடைசியில். "இந்தப் பொண்ணே பேசட்டும். ஆனா அந்தச் சொல்லு நாளைக்கு அங்க இருக்கக் கூடாது. நம்ம ஸ்கூல் பேரு இருக்கு."

அவர் போன பிறகு சார் என்னைப் பார்க்காமலே, "எப்படித் திரும்பக் கொண்டுவர்றது?" என்று கேட்டார். கட்டளையைச் சொன்னேன். நான் தட்டித் தரவில்லை. அவரே என் பழைய திரைக்கு மாறித் தட்டினார். அடுத்த வரி 'மடிச்சாச்சு' என்று வந்தது.

"அந்தச் சொல்ல எடுத்துரு," என்றார்.

"இல்ல சார்."

"அங்க எவனாவது சிரிச்சா நான் வந்து நிக்க மாட்டேன்."

"நானே நின்னுக்கிறேன் சார்."

இனிமேல் பள்ளி விட்ட பிறகு லேப் கிடையாது என்று சொல்லிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

நவம்பர் 28, வெள்ளி

கண்காட்சி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில். முந்தைய நாள் கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் வாசலில் சாய்ந்திருந்தது. எங்கள் மேசை கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில்.

தமிழில்தான் பேசினேன். முதல் இரண்டு பேரிடம் குரல் உள்ளேயே போனது. பிறகு வந்தது. பக்கத்து மேசைப் பையன்கள் குறியை வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். "சேமிச்சிட்டு ஒப்படைக்காமப் போனா எங்க லேப்டாப் இப்படித்தான் சொல்லும். உங்களோடது என்ன சொல்லும்?" என்று கேட்டேன். அவர்களுடையது ஒன்றும் சொல்லாது. ஒருவன் மட்டும் பிறகு தனியாக வந்து, எப்படிச் செய்வது என்று ரிஸ்வானாவிடம் எழுதி வாங்கிப்போனான்.

நடுவராக வந்த அம்மையார் குனிந்து பார்த்தார். "வேற வார்த்தை கெடைக்கலையாம்மா?"

"கெடைச்சது மேடம். இதுதான் சரியா இருந்துச்சு."

"கேக்கவே ஒரு மாதிரி இருக்கே."

"வேலை செஞ்சா ஆகுறதுதான மேடம். மடிச்சிட்டாப் போயிரும்." ஒரு காற்புள்ளியைச் சேர்த்துக் காட்டினேன். ஒப்படைத்தும் காட்டினேன். அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். என்னவென்று தெரியாது. பரிசு எங்களுக்கு இல்லை. ஹெச்.எம். டீச்சர் எங்கள் மேசையைத் தாண்டி நேராக நடந்து போனார். தனபால் சார் தூரத்துத் தூணுக்குப் பக்கத்தில் கடைசிவரை நின்றார். வர மாட்டேன் என்றவர், வரவும் இல்லை, போகவும் இல்லை.

எல்லாரும் மேசைகளைக் காலி செய்யும்போது அம்மா வந்தாள். கையில் கரி. புடவையை மட்டும் மாற்றியிருந்தாள்.

"எங்க அந்த எழுத்து?"

காட்டினேன். அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தாள். என் பெயரை வாசித்தாள். பீரோ. பிறகு, "மடிச்சாச்சு," என்று, வீட்டில் சொல்வதுபோலவே சொன்னாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

புதிதாக ஒரு திரையைத் திறந்தேன். "யார்?" என்று கேட்டது.

"என்ன கேக்குது?"

"உன் பேர."

"என் பேரு எதுக்கு அதுக்கு?"

"சொல்லும்மா."

அம்மா தன் பெயரைச் சொன்னாள், ரேஷன் கடையில் சொல்வதுபோல மெதுவாக. நான் தட்டினேன்.

சீனியம்மாள் பீரோ மடிச்சாச்சு $

அம்மா நீண்டநேரம் பார்த்தாள். திரையில் விரல் வைக்கப் போய், கரியைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். நான் கோப்பைத் திறந்து, அந்தக் கையைப் பிடித்து விசைப்பலகையில் வைத்தேன். காற்புள்ளி விசையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. சேமித்ததும் அம்மா பெயர் வரியில் அழுக்கு வந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்மா. இப்ப மடி." எப்படி என்று சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். மறுபடியும் மடிச்சாச்சு.

"இன்னொரு தடவ," என்றாள் அம்மா.

மண்டபத்துக்காரர், "எல்லாரும் கெளம்புங்கம்மா," என்று கத்தினார். "ஒரு நிமிஷம் அண்ணே," என்றாள் ரிஸ்வானா. அவர் காத்திருக்கவில்லை. மேடையிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக வந்து, எங்கள் தலைக்கு மேலிருந்த விளக்குகளையும் அணைத்துவிட்டார்.